முதுகில் ஒரு வெள்ளைக் கோடு

எங்கள் ஊர் காவாலுவில் எம்பிராய்டரிக்காரி ஒருத்தியின் வேலையைப் பற்றி நாலு வார்த்தை சொல்ல வேண்டுமானால், அவள் போட்ட பூவை யாரும் முன்பக்கம் பார்ப்பதில்லை. துணியைத் திருப்பிப் போட்டு முதுகைத்தான் பார்ப்போம். அங்கே ஒவ்வொரு இதழுக்கும் நடுவில் பாபினிலிருந்து வரும் கீழ்நூல் வெள்ளைக் கோடாக ஓட வேண்டும். அதன் இரண்டு பக்கமும் மேல்நூலின் நிறம் தெரிய வேண்டும். கோடு அகலமாக இருந்தால் மேல்நூல் இறுக்கம், கோடே இல்லை என்றால் மேல்நூல் தொளதொளப்பு. நான் ஹாஜியாரம்மாவின் எம்பிராய்டரி பட்டறையில் பிசிறு வெட்டுகிறவள். விடிந்தால் பொழுது போனால் பார்ப்பது இந்த முதுகுகளைத்தான் என்பதால், முகத்தைப் பார்த்து நான் யாரையும் எடை போடுவதில்லை.

ருக்கோயா போட்ட பூக்களின் முதுகு எப்போதும் சுத்தமாக இருக்கும். பட்டறையில் மற்றவர்கள் எல்லாம் மிதி மெஷின். ஒரே ஒரு கம்ப்யூட்டர் மெஷின், வரிசையாகப் பதினைந்து ஹெட், ஒரே நேரத்தில் பதினைந்து பூ போடும், அதை ஓட்டுகிறவள் அவள். காலையில் வந்ததும் பாபின் கேஸ்களை ஒவ்வொன்றாக எடுத்து, நூலைப் பிடித்துத் தொங்கவிட்டு, கையை லேசாக உதறுவாள். கேஸ் கொஞ்சம் இறங்கி நிற்க வேண்டும். சர்ரென்று இறங்கினால், "ஏண்டி, உனக்கு அப்படி என்ன அவசரம்?" என்று திட்டுவாள். அசையாமல் நின்றால், "பிடிவாதத்தைப் பாரு" என்பாள். ஒருமுறை என் தங்கை மகள் கல்யாணத்தில் மேடையில் உட்கார்ந்திருந்த மணப்பெண்ணின் கபாயா மேல்சட்டை விளிம்பைத் திருப்பிப் பார்த்து, "நூல் டென்ஷன் சரியில்ல" என்று சொல்லிவிட்டு இறங்கினாள். மாப்பிள்ளை வீட்டார் எங்களைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் மறக்கவில்லை.

இவ்வளவு செய்தாலும் "என் மெஷின்" என்று அவள் சொல்லி நான் கேட்டதில்லை. "ஹாஜியாரம்மா மெஷின்" என்றுதான் சொல்வாள். வாய்விட்டுச் சொன்னால் பறிபோய்விடும் என்ற பயம். அந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு. அவள் அக்கா சவுதிக்கு வீட்டு வேலைக்குப் போனவள். அவள் திரும்பி வந்தபோது பெற்ற மகனே அவளை யாரோ என்று பார்த்தான். ருக்கோயாவுக்கும் பால் மறந்து கொஞ்ச நாளே ஆன மகள் ஒருத்தி இருக்கிறாள். புருஷன் வேன் ஓட்டுகிறான். வேன் ஓடினால்தான் அவன் ஓட்டம். சவுதிக்கு ஆள் பிடிக்கிற ஏஜெண்ட் அவள் வீட்டுப் பக்கம் வந்து, "மெஷின் வேலை எத்தனை நாளைக்கும்மா?" என்று கேட்டுவிட்டுப் போவான். மெஷின் இருக்கும்வரை அவனை வாசலோடு திருப்பி அனுப்பலாம். மெஷின் போனால் ருக்கோயாவும் போக வேண்டியதுதான்.

அந்த ரமலானில்தான் வினை வந்தது. பெருநாளுக்குப் பெண்கள் உடுத்தும் தொழுகை அங்கி, பச்சையில் பூ போட்டது, மூட்டை மூட்டையாக ஆர்டர் இருந்தது. வழக்கமாக நூல் அறுந்தால் நுனியை உதட்டில் வைத்து ஈரப்படுத்தி ஊசியில் கோப்போம். நோன்பில் அதற்கு வழியில்லை. சாயம் நாக்கில் பட்டு உள்ளே இறங்கினால் என்ன ஆகும் என்று ஆளாளுக்கு ஒரு சந்தேகம். ருக்கோயா ஒரு மெழுகுவத்தித் துண்டைக் கொண்டுவந்தாள். நூல் நுனியில் ஒரு சாண் நீளத்துக்கு அதைத் தேய்த்தாள். நுனி கம்பியாக விறைத்து, நூல் சுற்றிய கோனிலிருந்து ஊசிக்கண் வரை எல்லா ஓட்டையிலும் வழுக்கிக்கொண்டு போனது.

ஹாஜியாரம்மாவுக்குப் பூரிப்பு தாங்கவில்லை. "பாத்தீங்களாடி, நோன்பும் முறியல, வேலையும் முறியல! மூளைன்னா இது மூளை!" என்று எல்லாருக்கும் ஆளுக்கொரு மெழுகுவத்தி வாங்கிக் கொடுத்தார். ருக்கோயா வெட்கப்பட்டுக்கொண்டு நின்றாள். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது.

கொஞ்ச நாள் போயிருக்கும். ஒரு முதுகைத் திருப்பினேன், வெள்ளைக் கோட்டைக் காணவில்லை. முன்பக்கம் இலைகளின் மேல் நூல் சின்னச் சின்னக் கண்ணியாக எழும்பி நின்றது. மோதிரம் பட்டாலே மாட்டி இழுத்துக்கொள்ளும். துணியை ருக்கோயா பக்கம் நீட்டினேன். அவள் திருப்பிப் பார்த்தாள். அந்த ஹெட்டில் மேல்நூலை இறுக்குகிற திருகைக் கொஞ்சம் இறுக்கினாள்.

இறுக்கினால் ஒரு அங்கி ஒழுங்காக வரும், அடுத்ததில் மறுபடி கண்ணி எழும்பும். இன்னும் இறுக்கினால் திடீரென்று நூல் பட்டென்று அறும், அல்லது பச்சை இலையில் கீழ்நூல் வெள்ளைப் புள்ளியாக எட்டிப் பார்க்கும். ஊசியை மாற்றினாள். பாபின் கேஸ் வில்லுக்கு அடியில் பஞ்சு சேர்ந்திருக்கும் என்று கல்யாணப் பத்திரிகை ஓரத்தை விட்டு வழித்தாள். எண்ணெய் விட்டாள். கோன் சரியில்லையோ என்று வேறு கோன் போட்டாள், வேகத்தைக் குறைத்தாள். எதற்கும் அடங்கவில்லை. ஒரு ஹெட்டில் இருந்தது நாலு ஹெட்டுக்குப் பரவியது, பிறகு அந்த வரிசையில் பாதிக்கு மேல்.

ஒதுக்கிப் போட்ட அங்கிகள் என் பக்கத்தில் குவிந்துகொண்டே வந்தன. விடியுமுன் நோன்புக்காகச் சாப்பிடுகிற ஸஹர் நேரத்தில் சோறு இறங்கவில்லை என்றாள் ருக்கோயா. வீட்டில் மகள் மடியில் ஏறினாலும் கை தானாகத் திருகு திருப்புவது போலச் சுற்றுகிறதாம். "கண்ணு போச்சாக்கா எனக்கு? இல்ல, கை போச்சா?" என்று என்னைக் கேட்டாள். "உன் வாயிதான் போச்சு, சும்மா இரு" என்று அதட்டி வைத்தேன்.

ஹாஜியாரம்மா மெக்கானிக் எங்கோஸை வரவழைத்தார். எங்கோஸ் கெட்டவன் இல்லை. அரை நாள் குனிந்து நிமிர்ந்து எல்லாத் திருகையும் திருப்பினான். அவன் இருக்கும்வரை ஓடியது. அவன் செருப்பைப் போட்டதும் பழைய குருடி கதவைத் திறடி என்று ஆரம்பித்துவிட்டது.

"வயசாயிடுச்சும்மா," என்றான். "இன்னைக்கு ஓடும், நாளைக்குப் படுக்கும். பெருநாள் ஆர்டரை வெளியில குடுத்துடுங்க. நானே இத எடுத்துக்கறேன், கழட்டி உதிரியா வித்துக்குவேன். வியாழக்கிழமை பின்மத்தியானம் அஸர் தொழுகைக்கு லாரியோட வர்றேன்."

ஹாஜியாரம்மா யோசித்துவிட்டுச் சரி என்று தலையாட்டினார். ருக்கோயா அங்கேதான் நின்றாள். அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை. அன்று சாயங்காலம் ஏஜெண்ட் அவள் வீட்டுக்குப் போனானாம். இந்த ஊரில் இந்த மாதிரிச் சேதிக்கு மட்டும் கால் முளைத்துவிடும்.

வியாழக்கிழமை மதியம் லுஹர் தொழுகை முடிந்து நான் உட்கார்ந்தேன். ஒதுக்கிய அங்கிகளில் ஏதாவது தேறுமா என்று பிரித்துக்கொண்டிருந்தேன். சும்மா இருக்க முடியாமல் எந்த அங்கி எந்த ஹெட்டில் ஓடியது என்று தனித்தனியாக அடுக்கினேன். சுவரோரம் இருக்கிற கடைசி ஹெட்டுக்கு ஒரே ஒரு துணிகூட வரவில்லை.

"இந்தாடி, உன் கடைசி ஹெட்டு மட்டும் என்ன புண்ணியம் பண்ணிச்சு? ஒரு கழிசல் இல்ல."

"அதுல நூலே அறுந்து போகாதுக்கா. எப்பவும் அப்படித்தான்," என்றாள் சுரத்தில்லாமல்.

"அடிக்கடி அறுந்து போறது எது?"

"நடு ஹெட்டு. அதுதான் மொதல்ல..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திவிட்டாள். எழுந்து போய் நடு ஹெட்டில் திருகைக் கழற்றினாள். நூலை அழுத்திப் பிடிக்கிற இரண்டு சின்னத் தட்டுகள் கையோடு வந்தன. ஒரு துணிக்கீற்றால் அவற்றைத் துடைத்தாள். சாம்பல் நிறத்தில் பிசுக்கென்று ஒன்று ஒட்டிக்கொண்டு வந்தது. முகர்ந்தாள். பிறகு என்னிடம் நீட்டினாள். மெழுகுவத்தி வாசனை.

அறுந்த நூலைக் கோக்கும்போதெல்லாம் மெழுகு தடவிய நுனி அந்தத் தட்டுகளுக்கு நடுவில்தான் போகிறது. கொஞ்சம் கொஞ்சமாக மெழுகு படிந்து, தட்டுகள் ஒட்டி மூட முடியாமல் விரிந்து நிற்கின்றன, நூல் தொளதொளக்கிறது. திருகை இறுக்கினால் மெழுகுக் கட்டி நகர்கிறது, நூல் அறுகிறது. அறுந்தால் மறுபடி மெழுகு. மிதி மெஷின்காரிகள் ஊசிக்கண்ணுக்கு மட்டும் நுனியில் தடவிக் கோத்ததால் அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. தன் கையாலேயே ஊட்டி ஊட்டி அதைப் படுக்க வைத்திருக்கிறாள்.

"நான்தான்க்கா பண்ணினேன்," என்றாள். அழக்கூட நேரமில்லை. அஸருக்கு லாரி வந்துவிடும்.

கறை எடுக்கிற மருந்தில் துணியை நனைத்து நான் கொடுக்க, அவள் ஒவ்வொரு ஹெட்டாகக் கழற்றித் துடைத்து மாட்டினாள். அவசரத்தில் ஒரு தட்டு உருண்டு மெஷினுக்கு அடியில் போய்விட்டது. இரண்டு பேரும் தரையில் கவிழ்ந்து தடவி எடுத்தோம். திருகுகளை எல்லாம் தளர்த்தி முதலிலிருந்து வைத்தாள். நூலைக் கண்ணை மூடிக்கொண்டு இழுத்துப் பார்த்து, கொஞ்சம் இறுக்கி, மறுபடி இழுத்துப் பார்த்தாள். மெஷினை ஓடவிட்டாள். முதல் துணியைத் திருப்ப எனக்குத் தைரியம் வரவில்லை. அவளே திருப்பினாள். பதினைந்து பூவிலும் நடுவில் கோடு ஓடியது.

வாசலில் லாரி ஹாரன் அடித்தது. எங்கோஸும் ஹாஜியாரம்மாவும் ஒன்றாக உள்ளே வந்தார்கள்.

எங்கோஸ் துணியைப் பார்த்தான். "ஓடுதே!" என்றான். பிறகு தலையைச் சொறிந்தான். "சொன்னேன்ல அம்மா, இப்படித்தான் ஏமாத்தும். ரெண்டு நாள் நல்லா இருக்கும். பெருநாளுக்கு மொத நாள் கழுத்த அறுக்கும்."

"எனக்கும் அதான் பயம்," என்றார் ஹாஜியாரம்மா. "எடுத்துட்டுப் போயிடு."

நான் ருக்கோயாவைப் பார்த்தேன். ஏன் ஓடுகிறது என்று சொன்னால்தான் மெஷின் பட்டறையில் தங்கும். சொன்னால், மூளை மூளை என்று ஊரெல்லாம் புகழ்ந்த அதே பட்டறையில், இத்தனை துணியைக் கெடுத்தவள் தான்தான் என்று அவள் வாயாலேயே சொல்ல வேண்டும். அப்புறம் மெஷின் தங்கினாலும் அதில் அவளை உட்கார வைப்பார்களா?

"மெஷினு மேல தப்பில்லம்மா," என்றாள். துணிக்கீற்றை நீட்டினாள். "மெழுகு. நான் கண்டுபிடிச்சேனே, அந்த மெழுகு. அதுதான் தட்டுல போயி அடைச்சுக்கிச்சு. துணி கெட்டதெல்லாம் என்னாலதான். இது நல்ல மெஷினும்மா. உதிரியா விக்காதீங்க."

மிதி மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. ஒவ்வொருத்தியும் மடியில் இருந்த மெழுகுவத்தியைப் பார்த்துக்கொண்டாள். எங்கோஸ் துணியை வாங்கி முகர்ந்துவிட்டு, "அட, ஆமாம்மா," என்றான். அந்த நேர்மைக்காக அவனுக்கு நான் அன்றே, தேங்காய்ப்பாலில் வாழைப்பழம் வெந்த கோலாக் ஒரு கிண்ணம் எடுத்து வைத்தேன்.

ஹாஜியாரம்மாவும் துணிக்கீற்றை வாங்கி முகர்ந்து பார்த்தார்.

"அப்போ கடை கடையாப் போயி எல்லாருக்கும் மெழுகுவத்தி வாங்கிக் குடுத்த நான் யாரு?" என்றார் கடைசியில். யாருக்கும் சிரிக்கத் துணிவில்லை. "எங்கோஸ், லாரிய அனுப்பிடு. ஏ ருக்கோயா, நோன்பு வச்சிருக்கேன், இப்ப உன்ன வைய மாட்டேன். பெருநாள் முடியட்டும், மொத்தமா வச்சுக்கறேன். போயி உக்காரு. இன்னும் எவ்வளவு கெடக்கு!"

அவள் போய் உட்கார்ந்தாள். உட்கார்ந்த உடனே நடு ஹெட்டில் நூல் அறுந்தது. கை பழக்கத்தில் மெழுகுவத்தியைத் தேடியது, நின்றது. என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"தண்ணிதாண்டி," என்றேன். "தண்ணில தொட்டா ஆகாதா?"

ஆகும். முதல் நாளே ஆகியிருக்கும். ஆனால் நோன்பு நேரத்தில் பட்டறைக்குள் தண்ணீர்க் கோப்பையைக் கொண்டுவந்து பத்துப் பேர் கண்ணெதிரே வைப்பது எங்கள் பக்கத்தில் மரியாதைக்கேடு. அதனால் அத்தனை பேரில் ஒருத்திக்கும் அது தோன்றவில்லை. ஹாஜியாரம்மாவே உள்ளே போய் ஒரு கண்ணாடிக் கோப்பையில் தண்ணீர் கொண்டுவந்து மெஷின் மேல் வைத்தார். "எல்லாரும் அவங்கவங்க துணியப் பாருங்க," என்றார்.

சாயங்காலம்வரை அவள் அந்தத் தண்ணீரில் நுனியைத் தொட்டுத் தொட்டுக் கோத்தாள். ஸஹரில் அவள் சாப்பிடவில்லை என்பது எனக்குத் தெரியும். உதடு வெடித்திருந்தது. எதிரில் தண்ணீர், தொட்ட கையைத் துணியில் துடைத்துக்கொள்வாள். நான் முதுகு முதுகாகத் திருப்பிக்கொண்டே இருந்தேன். கோடு தவறவில்லை.

நோன்பு திறக்கச் சொல்லிப் பள்ளிவாசல் முரசு ஒலித்தது. பேரீச்சம்பழத் தட்டும் கோலாக்கும் கைமாறி வந்தன. அவள் எதற்கும் காத்திருக்கவில்லை. பிஸ்மில்லா சொல்லி, மெஷின் மேலிருந்த கோப்பையை எடுத்து வாயில் வைத்தாள். பச்சைப் பிசிறுகள் அதில் மிதந்துகொண்டிருந்தன.

"ஏய், நூல் கெடக்கு, பாத்துக் குடி!" என்றேன்.

முழுக் கோப்பையையும் குடித்துவிட்டுத்தான் கீழே வைத்தாள்.

"கெடக்கட்டும்க்கா," என்றாள். "என் மெஷின் நூலுதானே."