டாக்டர் கோமதி திரும்பப் பெற்ற கட்டுரை

செய்தி வந்தபோது நான் தென்காசியில், கல்லூரியின் துறை அறையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். கோமதியின் தம்பி கணேசன் பேசினார். "அக்கா போய்ட்டா, மாலதிக்கா. காலையில காப்பி குடிச்சிட்டுச் சாஞ்சிருந்தா. கூப்பிட்டேன், எந்திரிக்கல." 

இரண்டு நாள் கழித்து, அவர் வேலை பார்த்த ஆய்வு நிறுவனத்திலிருந்து அழைத்தார்கள். இரங்கல் குறிப்புக்காக, அவர் எழுதிய கட்டுரைகள் எத்தனை, மற்ற ஆய்வாளர்கள் அவற்றை எத்தனை முறை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்ற விவரம் வேண்டுமாம். இணையத்தில் அவர் பக்கத்தைத் திறந்தேன். அதிகம் மேற்கோள் காட்டப்பட்டது என்று எல்லாவற்றுக்கும் மேலே அந்தக் கட்டுரைதான் நின்றது. பக்கத்தில் 'திரும்பப் பெறப்பட்டது' என்ற குறிப்பும். "அத விட்டுட்டு மத்ததப் போடலாமா மேடம்?" என்று பேசியவர் தயங்கினார். அதையும் போடுங்கள் என்றேன். கோமதியை அறிந்த உங்களில் பலருக்கு அதன் கதை அரைகுறையாகத்தான் தெரிந்திருக்கும். அதனால் எழுதுகிறேன்.

கோமதி மருத்துவர், நான் புள்ளியியல் ஆசிரியை. ஆலங்குளத்துக்கு மேற்கே மலையடிவார ஊர்களில் பீடி சுற்றும் பெண்களின் இரத்தசோகையைப் பற்றி இருவரும் சேர்ந்து ஆய்வு செய்தோம். இரும்புச்சத்து மாத்திரையோடு எலுமிச்சைச் சாறும் கொடுத்துப் பார்க்கலாம் என்பது அவர் யோசனை. பழம் புளியங்குடியிலிருந்து மூட்டையில் வந்தது. சாரல் பிடித்திருந்த ஆடியில், விரல் நுனியில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துச் சோதனைப் பட்டையில் தொட்டு, கையடக்கக் கருவியில் அளந்தோம். தையில் மறுபடி அளந்தபோது இரத்த அளவு நன்றாகவே ஏறியிருந்தது. ஒப்பிடுவதற்காக மாத்திரை மட்டும் சாப்பிட்ட பெண்களை வேறோர் ஊரில், இரண்டு முறையும் மழையில்லாத மாதங்களில் அளந்திருந்தோம். அந்த வேறுபாடு அப்போது யாருக்கும் உறுத்தவில்லை. கட்டுரை நல்ல ஆய்விதழில் வந்தது. செலவில்லாத வழி என்பதால் எங்கெங்கோ இருப்பவர்களெல்லாம் மேற்கோள் காட்டினார்கள். கூட்டங்களில் கோமதியை அறிமுகப்படுத்துகிறவர்கள் அந்தக் கட்டுரையைச் சொல்லித்தான் தொடங்குவார்கள்.

சில ஆண்டுகள் கழித்து, குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துவிடும் தொழிலாளர்களுக்கு ஒரு மருத்துவ முகாம் நடத்தினோம். சீசன் நேரம். லாட்ஜ் ஒன்றின் கீழ்த்தளத்தில் மேசை போட்டிருந்தோம். சாரல் உள்ளே வரை அடித்தது. வந்தவர்களில் நல்ல திடமான ஆட்களுக்கும் அதே கருவி இரத்தம் குறைவாகவே காட்டியது. கோமதி வேலையை நிறுத்தினார். திறந்து கிடந்த டப்பாவிலிருந்து ஒரு பட்டை எடுத்துத் தன் விரலிலேயே குத்திப் பார்த்தார். புது டப்பாவைப் பிரித்து இன்னொரு முறை பார்த்தார். இரண்டும் வேறு வேறாக இருந்தன. "ஏட்டி மாலதி, ஒன் கையக் குடு" என்றார். எனக்கும் அப்படித்தான்.

"ஈரம் பட்டா பட்டை கொறச்சுக் காட்டுது" என்றவர் திறந்து கிடந்த டப்பாவை மூடினார். பிறகு மெதுவாக, "அப்பம் நாம ஆடியில எடுத்த அளவு?" என்றார்.

 முதல் அளவு பொய்யாகக் குறைந்திருந்தால், தையில் ஏறியதாக நாங்கள் எழுதியதில் பெரும்பகுதி யாருடைய இரத்தத்திலும் ஏறவில்லை. அந்தச் சீசன் முழுவதும் அவர் ஆய்வகக் கருவியோடு ஒப்பிட்டுப் பார்த்தார். சந்தேகம் உறுதியானது.

அப்போது நிறுவனத்தின் இயக்குநர் பதவிக்கு அவர் பெயர் அடிபட்டுக்கொண்டிருந்தது. ஓய்வுபெறவிருந்த இயக்குநர் நல்ல மனிதர். எங்கள் இருவரையும் உட்கார வைத்துச் சொன்னார்: "நேர்காணல் முடியட்டும்மா. அப்புறம் ஒரு சின்னத் திருத்தம் போட்டுக்கலாம்."

"அதுக்குள்ள இத நம்பி ஊர் ஊராத் திட்டம் போட்டுருவாவளே சார்" என்றார் கோமதி.

வெளியே வந்ததும் என்னிடம், "இதுல ஒன் பேரும் இருக்கு. நீ சரின்னு சொன்னாத்தான் அனுப்புவேன்" என்றார். சரி என்றேன். கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக அந்த வாரமே ஆய்விதழுக்கு எழுதினார். பதவி வேறொருவருக்குப் போனது. நேர்காணல் எப்படி இருந்தது என்று கேட்டதற்கு, "அதப்பத்தியேதான் கேட்டாவ. சொன்னேன். டீ நல்லாருந்துது" என்றார்.

திரும்பப் பெற்ற பிறகும் அதை மேற்கோள் காட்டுவது நிற்கவில்லை. அப்படிக் காட்டியவர்களுக்கெல்லாம் கோமதி தனித்தனியாக மின்னஞ்சல் அனுப்பினார். பெரும்பாலோர் பதில் போடவில்லை. "பேரு பரவணும்னு ஒரு காலத்துல ஆசப்பட்டேன். இப்பம் புடிச்சு நிறுத்த முடியல" என்று சிரித்தார். ஈரத்தில் பட்டை கெடுவதைப் பற்றி அடுத்து எழுதிய கட்டுரையை அநேகமாக யாரும் மேற்கோள் காட்டவில்லை. அதில் வருத்தம் உண்டா என்று ஒருமுறை கேட்டேன். "படிச்சவன் டப்பாவ மூடி வச்சிட்டு வேலையப் பாக்கப் போயிருப்பான். அது போதும்ட்டி" என்றார்.

எனக்குப் பெரிதாகத் தோன்றுவது அதற்கும் பிறகு நடந்தது. "அந்தப் பொம்பளையாள்கிட்டயும் சொல்லணும்லா" என்று ஒரு நாள் மதியம் கிளம்பினார். நானும் போனேன். இலையும் தூளும் பரப்பிய சுளகை மடியில் வைத்துப் பெண்கள் பீடி சுற்றிக்கொண்டிருந்தார்கள். கோமதி தரையில் உட்கார்ந்து, கருவி தப்பாகக் காட்டியதையும் தான் அதை நம்பி எழுதியதையும் சொன்னார்.

"அப்பம் நாங்க குடிச்ச சாறு வீணா?" என்றார் மாரியம்மாள். முதல் ஆய்விலிருந்தே எங்களுக்குப் பழக்கமானவர்.

"வீணில்ல. மாத்திரைய விட்றாதிய. நான் சொன்ன அளவுக்கு ஏறல, அம்புட்டுத்தான்."

"இதச் சொல்லவா இம்புட்டுத் தூரம் வந்திய?"

"ஆமா. ஒங்க ரத்தத்தப் பத்தித்தான எழுதுனேன்."

கொஞ்ச நேரம் எந்தக் கையும் இலையைச் சுருட்டவில்லை. மாரியம்மாள் சுளகை இறக்கி வைத்தார். விரலில் ஒட்டியிருந்த புகையிலைத் தூளைச் சேலையில் துடைத்துக்கொண்டார். "சரி, இப்பம் ஒழுங்காப் பாத்துச் சொல்லுங்க" என்று கையை நீட்டினார். அவருக்குப் பின்னால் மற்றவர்களும் எழுந்து வந்தார்கள்.

நிறுவனம் கேட்ட விவரங்களை அனுப்பிவிட்டேன். அந்த மதியம் அதில் இல்லை. இதை நான் வைத்துக்கொள்கிறேன்: தவறு செய்துவிட்டேன் என்று சொல்லி வந்தவரை நம்பி நீண்ட அந்தக் கையையும், அதைக் கோமதி தன் இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டதையும்.