மூடிய பெட்டிக்குள் வெண்படலம்

என் மேசையின் இடது ஓரத்தில் ஒளிபுகும் பிளாஸ்டிக் பெட்டி ஒன்று இருக்கிறது. அதற்குள் உள்ளங்கை அகலத்தில் ஒரு மஞ்சள் நிறப் பயிற்சி விமானம், தேக்குப் பலகையில் செருகிய கம்பியின் மேல் நிற்கிறது. இறக்கை உடலோடு சேரும் இடத்தில் நகத்தை ஓட்டிப் பார்த்தாலும் இணைப்பு தட்டாது. குறை ஒன்றுதான். விமானி உட்காரும் இடத்துக்கு மேலே இருக்கும் கண்ணாடி மூடி வெளுத்துப் போயிருக்கிறது. முகம் பார்க்கும் கண்ணாடியில் வாய் வைத்து ஊதினால் படியுமே, அதைப் போன்ற வெண்மை. ஆனால் துடைத்தால் போகாது. இந்த வெண்மையை வைத்து ஒரு மனிதரைப் பல வருடங்கள் பொய்யர் என்று நினைத்திருந்தோம்.

விமானத்தை ஒட்டியவர் என் மாமா, அதாவது அக்காவின் கணவர். கடலூர் முதுநகரில் வீடு. செம்மங்குப்பத்தில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையின் சோதனைக்கூடத்தில் வேலை. அந்த வேலையால் வந்த பழக்கமா, பிறவிக் குணமா தெரியாது, முகர்ந்து பார்க்காமல் எதையும் நம்பமாட்டார். எண்ணெயை முகர்வார், புதிதாக வாங்கிய துண்டை முகர்வார், பால்காரர் பால் ஊற்றிவிட்டுத் திரும்பும் முன்பே பாத்திரத்தை மூக்கருகே கொண்டுபோவார். அக்கா இதைப் பற்றி எல்லோரிடமும் ஒன்றைத்தான் சொல்வாள்: “என்னைப் பொண்ணு பாக்க வந்தப்பவே காபிய மோந்து பாத்துட்டுத்தான் குடிச்சாரு. அப்பவே நான் உள்ள போயி கதவச் சாத்தியிருக்கணும்.”

அப்படிப்பட்டவருக்கு மாதிரி விமானங்களும் கப்பல்களும் கட்டுவதில் பைத்தியம். பிளாஸ்டிக் சட்டங்களில் காய் காய்த்ததுபோல் பாகங்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். அவற்றை வெட்டி, அரம் போட்டு, ஒட்டி, வண்ணம் பூசவேண்டும். வண்ணத்தை விட மாமாவுக்குப் பசையின் மேல்தான் கவனம் ஜாஸ்தி. தூரிகை வைத்த மூடியோடு தண்ணீர்போல் ஒரு திரவம் வைத்திருப்பார். இரண்டு பாகங்களையும் சேர்த்துப் பிடித்து இடுக்கில் தொட்டால் அது தானாக உள்ளே ஓடிவிடும். “இது ஒட்டறது கிடையாது மச்சான். பிளாஸ்டிக்க உருக்குது. ரெண்டும் ஒண்ணாயிடும். அப்புறம் பிரிக்கணும்னா உடைக்கத்தான் முடியும்” என்பார். பெரிய பாகங்களுக்குக் குழாயில் வரும் கெட்டிப் பசை. ஒளிபுகும் பாகங்களுக்கு, பள்ளிப் பிள்ளைகள் காகிதம் ஒட்டும் சாதாரண வெள்ளைப் பசை. காய்ந்தால் தெளிந்துவிடும், கண்ணாடியைக் கெடுக்காது. சூப்பர் குளூவை மட்டும் தனியாக ஒரு தகர டப்பாவில் அடைத்து வைத்திருப்பார். உலோகத்தையும் மரத்தையும் ஒட்ட அதை விட்டால் வேறில்லை. ஆனால் கண்ணாடிப் பாகத்தில் அது பட்டால் வெளுத்துவிடும் என்பதால் அதைக் குற்றவாளிபோல் நடத்தினார். எந்தப் பசை வாங்கினாலும் முதலில் கழிவுச் சட்டத்தில் ஒரு சொட்டு தடவி, ஒரு நாள் காத்திருந்து பார்ப்பார். மேலே எழுதியிருப்பதை நம்பவே மாட்டார். ஜன்னலைத் திறந்து மின்விசிறியைப் போட்ட பிறகுதான் எந்தப் பசையையும் திறப்பார். அது தொழிற்சாலையில் கற்ற ஒழுங்கு.

அவர் நம்பிய ஒரே வெளியாள் சிதம்பரத்து பாய். சிங்கப்பூரில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு வந்து மேல வீதிப் பக்கம் போட்டோ பிரேம் கடை வைத்திருந்தார். மாதிரி விமானப் பாகங்கள் அடங்கிய பெட்டிகளை முதலில் கொண்டுவந்ததும் அவர்தான். ஞாயிறுதோறும் மாமா முதுநகரில் ரயிலேறிச் சிதம்பரம் போவார். கடையின் மாடி அறையில் இருவரும் உட்கார்ந்துகொள்வார்கள். மாமா ஒட்டுவார், பாய் வண்ணம் பூசுவார். பாயின் தம்பி கீழே கடையைப் பார்த்துக்கொள்வார். இடையிடையே மாடிப்படி ஏறித் தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, விமானத்தைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டுப் போவார். அப்போது எனக்குக் குறிஞ்சிப்பாடியில் புதிதாக வேலை கிடைத்திருந்தது. விடுமுறைகளில் நானும் கூடப் போவேன்.

மஞ்சள் விமானம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை நன்றாக நினைவிருக்கிறது. அதைக் கடையில் காட்சிக்கு வைப்பதாகப் பேச்சு. இருவர் பெயரையும் பொறித்த சிறிய பித்தளைத் தகட்டை மாமா கொண்டுவந்திருந்தார். பித்தளையை மரத்தோடு ஒட்டவேண்டும், ஆகவே அன்று தகர டப்பா திறக்கப்பட்டது. விமானத்தின் கண்ணாடியில் பசை பட்டுவிடக்கூடாது என்று அதன் மேல் கைக்குட்டையைப் போட்டு மூடிவிட்டு, பலகையில் தகட்டை அழுத்தினார். ரயிலுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. கைக்குட்டையை எடுத்துவிட்டு, ஒளிபுகும் பெட்டியை விமானத்தின் மேல் கவிழ்த்தார். கடைக்கு வருகிறவர்கள் திறந்து தொடுவார்கள் என்ற சந்தேகம் அவருக்கு. சுற்றிலும் டேப் ஒட்டி, காற்றுகூடப் போகாமல் அடைத்தார். “யாரும் தொறக்கக்கூடாது பாய்” என்றார். “நீங்க சீல் வெக்கிறதப் பாத்தா ஓட்டுப் பெட்டி தோத்துடும் போலிருக்குதே அண்ணே” என்று பாய் சிரித்தார்.

அடுத்த ஞாயிறு நாங்கள் போனபோது கண்ணாடி மூடி வெளுத்திருந்தது. மாமா பெட்டியைத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பினார். பெட்டியின் உட்சுவரில் ஒரு கட்டைவிரல் தடம், அதுவும் வெள்ளையாக.

“யாரு உடைச்சது?” என்றார்.

“என்னா அண்ணே?”

“கண்ணாடி உடைஞ்சிருக்குது. சூப்பர் குளூ வச்சி ஒட்டியிருக்காங்க. பசைக் கையோட உள்ளயும் தொட்டிருக்காங்க, இதோ.”

“டேப் நீங்க ஒட்டுன மாதிரியேதானே இருக்குது?”

“டேப் ஒட்டறது என்னா பெரிய வித்தையா பாய்?”

பாயின் முகம் சிவந்தது. “அல்லா மேல ஆணையா, நான் தொடல” என்றார்.

அதைச் சொன்னபோது அவர் கண் ஒருமுறை மாடிப்படிப் பக்கம் போய்த் திரும்பியது. நானும் பார்த்தேன், மாமாவும் பார்த்தார். திரும்பும் ரயிலில் மாமா பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பேசியதெல்லாம் அந்தப் பார்வையைப் பற்றித்தான். “சத்தியம் பண்றவன் நம்ம மூஞ்சப் பாத்துப் பண்ணணும். இவரு படியைப் பாக்குறாரு.” எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. சந்தேகம் ஒன்று வந்துவிட்டால் மனிதனின் எல்லா அசைவும் அதற்குச் சாட்சியாகிவிடுகிறது. பேசினால் சமாளிக்கிறான், பேசாவிட்டால் மறைக்கிறான். அதன்பிறகு மாமா சிதம்பரம் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டிருந்தார். “மூக்கு மட்டும் பத்தல, இப்ப காலும் சும்மா இருக்கமாட்டேங்குது” என்றாள் அக்கா. பசைகளெல்லாம் புட்டியிலேயே இறுகிப் போயின. பெட்டியை என்னிடம் கொடுத்து, “என் கண்ணுல படாத எடத்துல வை” என்றார்.

அப்படித்தான் அது என் மேசைக்கு வந்தது.

சென்ற மழைக்காலத்தில் என் மூக்குக்கண்ணாடியின் பக்கவாட்டுக் கம்பி கழன்றுவிட்டது. ஒரு சொட்டு சூப்பர் குளூ வைத்து ஒட்டி, உடனே அதன் கூட்டுக்குள் வைத்து மூடினேன். காலையில் எடுத்தால் இரண்டு வில்லைகளிலும் வெண்படலம். பசை பட்டது ஒரு பக்கத்து ஓரத்தில் மட்டும். மறுபக்க வில்லையை நான் தொட்ட இடத்தில் என் விரல்ரேகை வெள்ளையாக எழும்பியிருந்தது. நிமிர்ந்து அந்தப் பெட்டியைப் பார்த்தேன். பூதக்கண்ணாடியை எடுத்து, உட்சுவரில் இருந்த கட்டைவிரல் தடத்தை முதன்முறையாக ஒழுங்காகப் பார்த்தேன். ரேகைகளின் குறுக்கே சாய்வாக ஒரு வெட்டுக் கோடு. பாகம் வெட்டும்போது பிளேடு கிழித்த அந்தத் தழும்பு யாருடைய வலது கட்டைவிரலில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

பெட்டியையும் மூக்குக்கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு முதுநகர் போனேன். மாமா ஓய்வு பெற்றுவிட்டார். சந்தேகம் ஓய்வு பெறவில்லை. மூக்குக்கண்ணாடியை முகர்ந்தார். “என் ரேகை உள்ள இருக்கும்தான் மச்சான், நான்தானே மூடினேன். வெள்ளையா எப்படி ஆச்சு? பசைதான் அங்க படவே இல்லையே” என்றார். பிறகு தானே எழுந்து போய் ஒரு காலி ஊறுகாய்ப் பாட்டிலைக் கழுவித் துடைத்தார். பழைய பாகங்கள் கிடந்த பெட்டியிலிருந்து ஒரு கண்ணாடிப் பாகத்தை எடுத்து உள்ளே போட்டார். மரத்துண்டில் ஒரு பித்தளைக் காசைப் புதுப் பசையால் ஒட்டி அதையும் போட்டார். உட்சுவரில் கட்டைவிரலை அழுத்தினார். இறுக மூடினார்.

மறுநாள் காலை பாட்டில் கூடத்து மேசையில் இருந்தது. கண்ணாடிப் பாகம் வெளுத்திருந்தது. சுவரில் அவர் ரேகை, அதே சாய்ந்த கோட்டோடு, வெள்ளையாக நின்றது. காயும் பசையின் ஆவி போக வழியில்லாமல் உள்ளே எல்லாவற்றின் மேலும் படிந்திருக்கிறது. அத்தனை வருடம் ஜன்னலைத் திறந்து வைத்தே வேலை செய்தவருக்கு அதைப் பார்க்க வாய்ப்பே இருந்ததில்லை. மாமா கட்டைவிரலைப் பாட்டிலின் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அக்கா காபி கொண்டுவந்தாள். வாங்கி அப்படியே குடித்தார். அக்கா என்னைப் பார்த்தாள். “சிதம்பரத்துக்கு இப்ப ரயில் எப்ப?” என்று கேட்டார் மாமா.

பாய் அதே கடையில், நரைத்த தாடியோடு இருந்தார். எங்களைக் கண்டதும் எழுந்தார், சிரிக்கவில்லை. “வாங்க. யாரு வூட்டுக் கல்யாணம்? பத்திரிகையக் காணோம்?” என்றார். மாமா பெட்டியையும் பாட்டிலையும் மேசைமேல் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார். சொல்லவேண்டியதை வேலை அறிக்கைபோல் சொன்னார். கடைசியில் மட்டும் குரல் இறங்கியது. “கெடுத்தது நான்தான் பாய். நம்பாம அடைச்சேன் பாருங்க, அதுதான்.”

பாய் பாட்டிலை வெகுநேரம் திருப்பிக்கொண்டிருந்தார். பிறகு மாடிப்படியைப் பார்த்தார், அன்று பார்த்ததுபோலவே.

“நான் தொடலன்னு ஆணையிட்டேன். என் தம்பி தொடலன்னு என்னால ஆணையிட முடியல” என்றார். “அவன் அதையே பாத்துகிட்டு நிப்பானே, எடுத்துப் பாத்து உடைச்சிருப்பான்னுதான் நெனைச்சேன். நீங்க போனப்புறம் கேட்டேன். இல்லன்னான். நம்பல. அதோட கடைக்கு வர்றத நிறுத்திட்டான். சிங்கப்பூர் போயிட்டான். பெருநாளுக்குப் போன் பண்ணுவான், பேசுவோம். இந்த வூட்டு மாடி மட்டும் ஏறல.”

பாய் கைபேசியை எடுத்து ஒலியைப் பெரிதாக்கி மேசைமேல் வைத்தார். அங்கே வேலை நேரம்போலிருக்கிறது, பின்னால் இயந்திரச் சத்தம்.

“சொல்லுங்க நானா” என்றது தம்பியின் குரல். அண்ணனை அவர்கள் அப்படித்தான் அழைப்பார்கள்.

“தம்பி, அந்த மஞ்ச ஏரோபிளேன் இருந்துச்சுல்ல…”

“ஏன், இப்ப என்னா உடைஞ்சிபோச்சு?” என்று கேட்டார் தம்பி.

பாய் கண்களை மூடிக்கொண்டார். “ஒண்ணும் உடையலடா. அன்னைக்கும் ஒண்ணும் உடையல” என்றார்.

அதன்பிறகு இயந்திரச் சத்தம்தான் கேட்டுக்கொண்டிருந்தது. தம்பி நம்பினாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மாமா இப்போது மீண்டும் ஞாயிறுதோறும் சிதம்பரம் போகிறார். பாயும் அவரும் புதிதாக ஒரு கப்பலைத் தொடங்கியிருக்கிறார்கள். விமானத்தை மட்டும் இருவருமே திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. மெருகேற்றும் களிம்பு போட்டுத் தேய்த்தால் அந்த வெண்மை போய்விடும் என்று மாமாதான் சொன்னார். “தேய்க்கட்டுமா?” என்று கேட்டேன். “அந்தத் தம்பி வந்து பாக்கட்டும். அப்புறம் தேய்க்கலாம்” என்றார். பெட்டி என் மேசையின் இடது ஓரத்திலேயே இருக்கிறது. டேப்பை உரித்துவிட்டேன். மூடியை ஒரு விரல் அளவு தூக்கித் தீக்குச்சி முட்டுக் கொடுத்திருக்கிறேன். இறக்கைகளில் தூசி படிகிறது, படியட்டும்.