தீபாவளித் தட்டில் கிறிஸ்துமஸ் ஆப்பம்

பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கும் தேசம்மாவுக்கு வாய் நீளம். தீபாவளிக்கு மறுநாளே பக்கத்து வீட்டு ஜோதிலட்சுமியோடு குழாயடியில் சண்டை போட்டாள். அதோடு பேச்சு நின்றது. ஜோதிலட்சுமி அதிரசம் வைத்துக் கொடுத்த எவர்சில்வர் தட்டு மட்டும் தேசம்மா வீட்டிலேயே தங்கிவிட்டது. பலகாரம் வந்த தட்டை வெறுமனே திருப்பிக் கொடுக்கலாமா?

கிறிஸ்துமஸ் காலையில் தேசம்மா ஆப்பம் சுட்டாள். நடுவில் பஞ்சாகவும் ஓரத்தில் முறுகலாகவும் வந்த நாலைந்தை அந்தத் தட்டில் அடுக்கிக்கொண்டு போய்ப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"இந்தா, புடி. உன் தட்டு எனக்கு இன்னாத்துக்கு?"

ஜோதிலட்சுமி ஆப்பத்தையே பார்த்தாள். "தேங்காப்பால் இல்லாம எப்டி துன்றது?"

"அது எங்க வூட்டு அடுப்பாண்ட கீது," என்றாள் தேசம்மா. "கால் கீதில்ல? வந்து துன்னு."