படம் பாதி, கதை மீதி
அக்கா வீட்டுக்காரர் முன்பு தியேட்டரில் ஆபரேட்டர். இப்போது எங்கள் தெரு நூலக அரங்கைப் பார்த்துக்கொள்கிறார். எதிலும் இடைவேளை விடாமல் அவருக்கு ஆகாது. அக்காவோடு சண்டை என்றாலும் பாதியில் நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். என்ன ஜென்மமோ.

நூலகத்தில் மூன்று மாதம் தங்கி எழுத வந்திருக்கும் எழுத்தாளர் அவரிடம் புலம்பினார்: "சனிக்கிழமை என் கதை வாசிப்பு, ஞாயிற்றுக்கிழமை இதே அரங்குல படம். படத்துக்குக் கூட்டம் வரும். எனக்கு யார் வருவாங்க?"

"ரெண்டையும் ஒரே நாள்ல வச்சுக்கலாம் சார். படத்தைப் பாதியில நிறுத்திட்டு உங்களை மேடை ஏத்திடறேன்."

எழுத்தாளருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "இலக்கியம் என்ன இடைவேளை டீயா?"

கொஞ்ச நேரம் கழித்துத் தணிந்த குரலில் கேட்டார்: "எந்த இடத்துல நிறுத்துவீங்க?"

"கொலைகாரன் முகமூடியைக் கழட்டப் போறப்ப."

"சரி. நிறுத்தினதும் வாசல் கதவையும் சாத்திடுங்க."