சத்து ஊசி

மகளுக்கு ஒரு சிறுநீரகத்தில் புற்று வந்து, அதை எடுத்துவிட்டார்கள். திரும்ப வராமலிருக்க, உடம்பின் எதிர்ப்புச் சக்தியையே நோயின் மீது ஏவிவிடும் மருந்தை டிரிப்ஸில் ஏற்றினார்கள். மாப்பிள்ளை, கடலூரில் இருக்கும் தன் அம்மாவிடம் கல் ஆபரேஷன் என்று சொல்லிவிட்டார். ஏற்றுகிற மருந்துக்குச் சத்து ஊசி என்று பெயர் வைத்தார். ஆயுள் முழுக்கப் பல்கலைக்கழக அலுவலகத்தில் கோப்பு எழுதிய எனக்கே இவ்வளவு சுருக்கமாக எழுத வந்திருக்காது.

மருந்து தொடங்குமுன் கருமுட்டையை எடுத்துச் சேமித்துவைக்கலாமா என்று அவளை யாரும் கேட்கவில்லை. பிறகு விசாரித்தேன். அது மகப்பேறு மருத்துவர் சொல்ல வேண்டியது என்றார் புற்றுநோய் மருத்துவர். அங்கிருந்து கடிதம் வந்தால்தானே என்றார் மகப்பேறு மருத்துவர். எனக்குப் பழகிய வேலைமுறைதான். இரண்டு பிரிவுக்கும் பொதுவான கோப்பு எந்தப் பிரிவிலும் இருக்காது.

மகளுக்குக் குழந்தை வேண்டும். மருந்து ஏறும் காலத்திலும், முடிந்து சில மாதங்கள் வரையிலும் கருத்தரிக்கவே கூடாது என்பது உத்தரவு. காரணமும் சொன்னார்கள். கருவில் பாதி கணவனுடையது. தாயின் உடம்புக்கு அது அந்நியம். அதைப் பொறுத்துக்கொள்ள உடம்பு தனக்குத்தானே ஒரு பிரேக் போட்டுக்கொள்கிறது. இந்த மருந்தின் வேலையே அந்த பிரேக்கை எடுத்துவிடுவது. சம்பந்தி வீட்டுப் பாதியை மருத்துவமே அந்நியம் என்றதில் எனக்கு அற்ப சந்தோஷம்.

சில மாதங்களில், சிகிச்சைக்காக எங்கள் வீட்டில் தங்கியிருந்த அவளுக்கு மாதவிலக்கு நின்றது. ஓயாத தலைவலி, வாந்தி. மாப்பிள்ளை போனில் தன் அம்மாவிடம் வாய்தவறித் தள்ளிப்போயிருப்பதாகச் சொல்லியிருக்கிறார். மறுநாள் காலையே சம்பந்தியம்மா சிதம்பரத்தில் பஸ்ஸைவிட்டு இறங்கி, அண்ணாமலை நகரில் எங்கள் வாசலில் நின்றார். பையில் மல்லிகைப்பூ, மாங்காய்.

“சத்து ஊசின்னப்பவே நெனச்சேன் சம்பந்தி, கரு நிக்கத்தான் போடுறாங்கன்னு. எங்கிட்டயே மறச்சிட்டீங்களே, கெட்டிக்காரருதான்!”

என் மனைவி காபி போடுகிற சாக்கில் உள்ளே போய்விட்டாள். சம்பந்தியம்மா மகளின் தலையில் பூவை வைத்தார்.

“விசேஷம் ஒண்ணும் இல்ல அத்த,” என்றாள் மகள். “எடுத்தது கல்லும் இல்ல. கேன்சரு. அந்த ஊசியால மூளைக்குக் கீழ இருக்கற சுரப்பி வீங்கிப்போச்சி. அதான் நின்னுபோச்சி.”

சம்பந்தியம்மா கட்டிலில் உட்கார்ந்தார்.

“எம் பையனுக்குத் தெரியுமா?”

“கல்லுன்னு சொன்னதே அவருதான.”

“அப்ப கொழந்த?”

“தெரியாதுன்றாங்க. மருந்து புதுசு. நிக்கலாம், நிக்காமயும் போவலாம்.”

“தெரியாமயா போட்டாங்க?” என்று என்னைப் பார்த்தார். “ஆபீஸ் நடத்துனவரு நீங்க, கேக்கல?”

நான் விதிமுறைகளைச் சொல்ல வாயெடுத்தேன். மகள் குறுக்கிட்டாள்.

“ஊசிய நிறுத்திடலாம்னு பாக்கறேன் அத்த. கேன்சர் திரும்ப வந்தா வரட்டும்.”

இதை எங்களிடம்கூட அவள் சொன்னதில்லை.

“நிறுத்திகிறுத்தி வைக்காத. எம் பையனுக்கு இன்னொரு கல்யாணம் பண்ணி அலைய என்னால ஆவாது. முட்டிவலி ஜாஸ்தி.”

அது பரிவா, எச்சரிக்கையா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. மகள் சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வரும்வரை. சம்பந்தியம்மாவை நான்தான் பஸ் ஏற்றிவிட்டு வந்தேன்.

சுரப்பிக்கு மாத்திரை கொடுத்தார்கள். அடுத்த ஊசிக்கு அவள் போனாள். மாதவிலக்கு இன்னும் வரவில்லை.