பந்திலி வீட்டுக்கு வந்த பங்காளிகள்

இன்று காலை மருமகள் தன் செல்போனை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். "அத்தை, உங்க பொறந்த வீட்டு ஆளுங்க எல்லாம் சேர்ந்து வாட்ஸாப்ல குரூப் ஆரம்பிச்சிருக்காங்க. நம்மளயும் சேர்த்துட்டாங்க" என்றாள். குரூப்பின் பெயர் 'பந்திலி வம்சம்'. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். முதலில் ஒரு மாம்பழப் படம், காலை வணக்கம். அடுத்து யாரோ ஒரு குழந்தைக்குப் பிறந்தநாள். அதற்கடுத்து மாலை போட்ட ஒரு கிழவர். கல்லாவி ஊர்ப் பங்காளி, நேற்றிரவு காலமானார். அதன் கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள்.

"வெளிய வந்துடு. இப்பவே வந்துடு" என்று கத்திவிட்டேன். அவள் பயந்துபோய்ப் போனை மேசைமேல் வைத்தாள். வீட்டில் கல்யாணக் களை. பேத்தியை என் தம்பி பேரனுக்கே பேசி முடித்திருக்கிறோம், ஆவணியில் முகூர்த்தம். இந்த நேரத்தில் கிழவிக்கு என்ன வந்தது என்று அவள் நினைத்திருப்பாள். அவளிடம் சொல்ல முடியாததை உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் எனக்குச் சம்பந்தி இல்லை, அது ஒரு வசதி.

எங்கள் பக்கம் தெலுங்கு பேசும் வீடுகளில் ஆளின் பெயருக்கு முன்னால் வீட்டுக்கென்று ஒரு பெயர் வரும். இண்டிபேரு என்போம். எங்களுடையது பந்திலி. வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், நான் வேலை பார்த்த பர்கூர்ப் பள்ளிக்கூடத்தில் தமிழ் என்று வளர்ந்தவர்கள் நாங்கள். எந்தப் பாஷையில் திட்டினாலும் எங்களுக்கு உறைக்கும். ஒரே கொடியில் வந்த வீட்டார் பங்காளிகள், அண்ணன் தம்பி முறை. பெண் கொடுத்து எடுக்கக் கூடாது. பங்காளி வீட்டில் சாவு விழுந்தால் நமக்கும் தீட்டு, கருமாதி முடிகிறவரை நல்ல காரியம் கிடையாது. இந்த இரண்டையும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். என் தலை இந்த இரண்டுக்கும் நடுவில்தான் மாட்டியது.

ஓசூர் எந்த ராஜ்யத்தோடு போகும் என்று டீக்கடைக்கு டீக்கடை சண்டை போட்டுக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. தோளில் பையோடு யார் வந்தாலும் சர்க்கார் ஆள் என்று கதவைச் சாத்துவோம். அப்படித்தான் அவரும் வந்தார். மதராஸில் ஒரு கல்லூரியில் சரித்திரம் சொல்லிக்கொடுப்பவர். ஒரு வீட்டுப்பெயரைப் பிடித்துக்கொண்டு அது போன வழியெல்லாம் போனால் ஒரு நாட்டின் கதையே கிடைத்துவிடும் என்பது அவர் நம்பிக்கை. ஊரில் எத்தனையோ பெயர் இருக்க, அவர் பிடித்தது பந்திலியை. நாங்கள் அவருக்கு வைத்த பெயர் பேர்சார்.

பேர்சாரின் பையைத் திறந்தால் அந்துருண்டை வாசனை குப்பென்று அடிக்கும். அதிலிருந்து தினுசு தினுசாகக் காகிதம் எடுப்பார். கல்லாவிக்கு வெளியே புளியமரத்தடியில் நிற்கும், பந்திலி என்று பெயர் பொறித்த வீரக்கல்லைப் படியெடுத்த தாள் ஒன்று. வெள்ளைக்காரன் காலத்துச் சுங்கச்சாவடியில் பொதிமாட்டுக்கு வரி கட்டிய ஒரு பந்திலி. கிணற்று வழக்கில் தோற்ற ஒரு பந்திலி. மிஷன் ஆஸ்பத்திரியில் கால் உடைந்து படுத்த ஒரு பந்திலி. எல்லாரையும் தரையில் பரப்பி, "எல்லாம் ஒரே பூசணிக்கொடிங்க. காய் வேற வேற வேலியில காய்ச்சிருக்கு, அவ்வளவுதான்" என்பார்.

அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தியா, நம்மாளு கல்லுல வாளோட நிக்கறான்!" என்று தெருவில் போகிறவனையெல்லாம் கூப்பிட்டுச் சொன்னார். கால் உடைந்தவனைப் பற்றிக்கூட அவருக்குப் பெருமைதான். அதுவரை அங்கங்கே பந்திலி வீடுகள் இருப்பது எங்களுக்குத் தெரியும். அவங்க வேற, நாம வேற என்று விட்டிருந்தோம். இப்போது அப்பா ஊர் ஊராகப் போய் எல்லாரையும் திரட்டினார். நாகரசம்பட்டியில் ஒரு மாந்தோப்பில் கூடி, ஒரே அடுப்பில் பொங்கி, ஒரே பந்தியில் சாப்பிட்டு, குலசாமி மேல் சத்தியம் வைத்து, நாம் எல்லாரும் பங்காளி என்று சொல்லிக்கொண்டார்கள். பேர்சார் சிறுபிள்ளை மாதிரி கைதட்டினார்.

அம்மா மட்டும் இலை எடுத்துக்கொண்டே கேட்டாள்: "சோறு சரி. சாவு?"

"நல்ல நாளும் அதுவுமா என்ன பேச்சு இது?" என்றார் அப்பா.

"இத்தனை வீட்டுல எத்தனை கிழடு இருக்குது பாத்தீங்களா? ஒவ்வொண்ணும் போறப்ப நம்ம வீட்டு அடுப்பையும் அணைச்சுட்டுத்தான் போகும்."

நான் சிரித்தேன். அம்மா எதற்கெடுத்தாலும் பயப்படுவாள் என்று நினைத்தேன். அப்போது எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது, யார் எது சொன்னாலும் சிரிப்பாக வந்தது. மாப்பிள்ளை ஓசூர்ப் பக்கம், கொடவலி வீட்டுப் பையன், பெங்களூரில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். கூறைப்புடவை எடுத்து டிரங்குப் பெட்டியில் அந்துருண்டை போட்டு வைத்திருந்தோம். பெட்டியைத் திறந்தால் பேர்சார் வந்துவிட்ட மாதிரி இருக்கும்.

பத்திரிகை அடித்தாகிவிட்டது. பந்தலுக்குக் கால் நட்ட அன்று மத்தியானம் ஒரு சைக்கிள் வந்தது. சாவுச் செய்தி கொண்டு வருகிறவன் வாசற்படி ஏற மாட்டான், தண்ணீர் கேட்க மாட்டான். மணியை இரண்டு தரம் அடித்துவிட்டு வெளியிலேயே நிற்பான். நாம் போய் 'என்னப்பா' என்று கேட்ட பிறகுதான் வாயைத் திறப்பான். "கல்லாவிப் பெரியவரு போயிட்டாருங்க" என்றான். மாந்தோப்பில் என் தலையில் கைவைத்து ஆசீர்வாதம் பண்ணின மனுஷர். அப்பா தலை முழுகினார். பந்தல் கால்களைப் பிடுங்கினார்கள்.

அடுத்த முகூர்த்தம் வைத்தோம். சைக்கிள் வந்தது. அதற்கடுத்ததற்கும் வந்தது. இந்தத் தடவை போனது கிழடுகூட இல்லை, பாம்பு கடித்த ஒரு பையன். ஐயோ, அந்தப் பிள்ளைக்காக அழுதேனா எனக்காக அழுதேனா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கும்போது தெருவில் சைக்கிள் மணி கேட்டால் கையிலிருக்கும் சாக்பீஸ் கீழே விழுந்துவிடும். பிள்ளைகள் பொறுக்கிக் கொடுப்பார்கள்.

ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? பெண்ணின் ராசி என்று ஆரம்பித்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா எங்கள் வீட்டுக்கே வந்து, உட்காராமல் சொன்னாள்: "நாள் வெச்சா எழவு விழுது. இன்னொரு தரம் பாப்போம். இதுவும் நின்னுச்சுன்னா பேடாம்மா, பேடா, வேண்டவே வேண்டாம். மாலூர்ல ஒரு பொண்ணு பாத்து வெச்சிருக்கோம்."

மறுநாள் பள்ளிக்கூட வாசலில் சைக்கிள் மணி இரண்டு தரம் கேட்டது. சாக்பீஸோடு வெளியே வந்தேன். அவர்தான் நின்றார், கொடவலி வீட்டுப் பையன். "பயந்துட்டீங்களா டீச்சர்? எத்தனை பேரு போனாலும் நான் மாலூர் பஸ் ஏற மாட்டேன், ஆனா எங்கம்மாவை எதிர்த்துக் கட்டவும் எனக்குத் தைரியம் போதாது" என்றார். இப்படி உண்மையைச் சொல்கிற ஆணை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. இவர் இல்லாவிட்டால் எனக்கு யாரும் வேண்டாம் என்று அன்றைக்கு முடிவு பண்ணினேன்.

நாலாவது முகூர்த்தத்துக்கு அம்மா கச்சை கட்டிக்கொண்டு இறங்கினாள். "காதுல விழுந்தாத்தானே தீட்டு? விழாமப் பாத்துக்கறேன்" என்றாள். தன் தம்பியை, என் மாமனை, நெடுஞ்சாலைத் திருப்பத்தில் நிறுத்தினாள். எந்தச் சைக்கிள் வந்தாலும் பிடித்து உட்காரவைக்க வேண்டும், தாலி ஏறும்வரை பேசவிடக் கூடாது. மாமனும் கடமை தவறாமல் பூ கொண்டு வந்தவனையும் மேளக்காரரின் மகனையும் பிடித்துவைத்துவிட்டார். பூ இல்லாமல் கல்யாண வீடு அல்லோலகல்லோலப்பட்டது.

ஆனால் பேர்சார் பஸ்ஸில் வந்தார். பஸ்ஸை மாமன் எண்ணிப் பார்க்கவில்லை.

கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம். அப்பா சமையல்காரர்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். கூடத்தில் அம்மாவும் நானும் மட்டும். பல மாதம் கழித்து வருகிறார் பேர்சார், முகமெல்லாம் வெளிச்சம். மாப்பிள்ளை பெங்களூரில் வேலை என்பதற்கு மேல் அவருக்கு ஒன்றும் தெரியாது. பையைத் திறந்தார், அந்துருண்டை வாசனை வந்தது. "அம்மா, கல்யாணப் பரிசா ஒரு சேதி கொண்டு வந்திருக்கேன். உங்க வம்சம் இன்னும் பெருசு. அந்தக் கிணத்து வழக்கு இருக்கு பாருங்க, அது அண்ணன் தம்பிக்குள்ளதான். தோத்தவன் அண்ணன், நீங்க அவன் கொடி. ஜெயிச்ச தம்பி, இனி உன் பேரே வேண்டாம்னு வீட்டுப் பேரையே மாத்திக்கிட்டு ஓசூர்ப் பக்கம் போயிட்டான். அந்தப் புதுப் பேரு என்ன தெரியுமா..."

"செப்பொத்து!" என்று அம்மா அலறினாள். பதறினால் அவளுக்குத் தெலுங்குதான் வரும். "சொல்லாதீங்க சார். புதுப் பங்காளின்னா புதுசா ஒரு சாவு. எந்தப் பேரா இருந்தாலும் தாலி ஏறட்டும், அப்புறம் சொல்லுங்க." அவர் திகைத்துப்போய்க் காகிதத்தைப் பைக்குள் வைத்தார். அம்மா ஒரு லட்டை எடுத்து அவர் கையில் திணித்தாள். ஓசூர்ப் பக்கம் என்ற சொல் எனக்குள் எங்கோ இடித்தது. ஓசூர்ப் பக்கம் எத்தனையோ வீடு என்று சமாதானம் சொல்லிக்கொண்டு படுத்தேன்.

எங்கள் வழக்கத்தில் தாலிக்கு முன்னால் ஊர்ப் பெரியவர் எழுந்து இரண்டு வீட்டுப்பெயரையும் உரக்கச் சொல்வார். முறை சரிதானா என்று சபையைக் கேட்பார்.

"பந்திலி வீட்டுப் பொண்ணைக் கொடவலி வீட்டுப் பையனுக்குத் தர்றோம். முறைதானா?"

தூணோரம் உட்கார்ந்திருந்த பேர்சார் எழுந்துவிட்டார். வாய் திறந்திருந்தது. முகத்தில் ரத்தம் இல்லை. அவரைப் பார்த்த கணத்தில் எனக்குப் புரிந்துவிட்டது. பெயர் மாற்றிக்கொண்டு போன தம்பி, கொடவலி. எனக்குப் பக்கத்தில் மணையில் உட்கார்ந்திருப்பவர் எனக்கு அண்ணன் முறை. பேர்சார் ஒரு வார்த்தை சொன்னால் போதும், எனக்கு ஜென்மத்துக்கும் கல்யாணம் இல்லை. நான் தலையை ஆட்டவில்லை, கையெடுத்துக் கும்பிடவில்லை. அவரைப் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தேன்.

"முறைதான்!" என்றது சபை. பேர்சார் மெல்ல உட்கார்ந்தார். கெட்டிமேளம் கொட்டியது.

அம்மா சந்தோஷமாக அவரிடம் போனாள். "இப்பச் சொல்லுங்க சார், என்னமோ சேதின்னீங்களே?"

"ஒண்ணும் இல்லைங்கம்மா. நான் படிச்சது தப்பு" என்றார். பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனுஷர், உதடு உலர்ந்து ஒட்டிக்கொண்டது. அவர் போட்ட அட்சதையில் பாதி தலைக்கு வராமல் என் மடியில் விழுந்தது. சாப்பிடாமலே பஸ் ஏறிப் போய்விட்டார். அப்புறம் எங்கள் பக்கம் வரவேயில்லை.

சில வருஷம் கழித்து அவருடைய ஆராய்ச்சி புத்தகமாக அப்பாவுக்குத் தபாலில் வந்தது. கல், சுங்கம், ஆஸ்பத்திரி எல்லாம் இருந்தது. வழக்கில் ஜெயித்த தம்பி எங்கே போனான் என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்று ஒரே வரியில் முடித்திருந்தார். தன் உயிரான வேலையில் எனக்காக ஒரு ஓட்டை போட்டுவிட்டார். அந்த வரியைத் தடவிப் பார்த்து அழுதேன். ஆனால் பயம் மட்டும் போகவில்லை. தலைப்பிள்ளை பிறந்தபோது முகத்தைப் பார்க்குமுன் விரல்களை எண்ணினேன். என் வீட்டுக்காரரிடம் சொன்னதில்லை. அவர் போய்ச் சேரும்வரை, நடுராத்திரியில் நான் ஏன் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன் என்று கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டார்.

இதை நினைத்துக்கொண்டிருந்தபோதுதான் மருமகள் மறுபடி போனை எடுத்தாள். "இங்க பாருங்க அத்தை, யாரோ ஒரு பையன் பழைய கோர்ட்டுக் காகிதமெல்லாம் கம்ப்யூட்டர்ல தேடறானாம். பேர் மாத்திக்கிட்டுப் போன தம்பி வம்சத்தைக் கண்டுபிடிச்சிட்டானாம். நாளைக்குப் போடறேங்கறான். நல்ல சுவாரஸ்யம், இல்ல?"

பேத்தி கொடவலி வீட்டுப் பெண். தம்பி பேரன் பந்திலி. பத்திரிகைக் கட்டு மேசைமேல்தான் இருக்கிறது, மஞ்சள்கூடத் தடவியாகிவிட்டது.

செப்பொத்து என்று சொல்ல அம்மா இல்லை. சொன்னால் கேட்டுக்கொண்டு உட்காரப் பேர்சார் இல்லை. அந்தக் காலத்தில் சாவுச் செய்திகூட மணியடித்துவிட்டு, நாம் கேட்கிறவரை வாசலில் நின்றது. மருமகள் அடுப்பைப் பார்க்க எழுந்து போனதும், போனைக் குப்புறக் கவிழ்த்து மேலே ஒரு சொம்பைத் தூக்கி வைத்தேன். சொம்பு மேசைமேல் தடதடவென்று ஆடிக்கொண்டிருக்கிறது.