கப்பல்காரரிடம் சொன்ன ‘திராங்கீலோ’

கடந்த வாரம், என்னோடு வேலை செய்யும் பெண் கைப்பேசியில் ஸ்பானிஷ் கற்கத் தொடங்கினாள். ‘திராங்கீலோ’ என்றால் ‘அமைதியான’ என்று சொல்லிவிட்டு அடுத்த சொல்லுக்குத் தாவினாள். எனக்கு அது போதவில்லை. அந்தச் சொல்லுக்காக நான் ஒரு பிற்பகல் முழுவதும் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. அப்பா பினாங்கில் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் எழுத்தர். சனிக்கிழமைகளில் அம்மாவுக்குத் தொழிற்சாலை இருந்ததால் அப்பா என்னையும் அழைத்துப் போவார். அன்று காலை அப்பாவின் அலுவலகம் கவனித்துவந்த ஒரு கப்பலின் சமையற்காரரைக் குடல்வால் வலியோடு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். அவருக்கு ஸ்பானிஷ் மட்டுமே தெரியும்.

நாங்கள் அங்கே போனபோது வார்டுத் தாதி அப்பாவுக்காகக் காத்திருந்தார்.

“கையெழுத்து போட மாட்டேங்குறாரு லா அண்ணே. ரெண்டு மணிக்குள்ள வெட்டலன்னா உள்ளயே வெடிச்சிரும்னு டாக்டர் சொல்றாரு. கப்பல் அவருக்காக நிக்கும்னு சொல்லிருங்க, போட்டுருவாரு.”

“நாலு மணிக்குக் கெளம்புதே மிஸி.”

“அது அவருக்குத் தெரியணுமா?”

அப்பா அலுவலகப் பையிலிருந்து ஸ்பானிஷ் அகராதியை எடுத்துப் பிரித்து, ஒரு சொல்லின் பொருள்களைக் குறிப்பேட்டில் வரிசையாக எழுதினார். அலையில்லாத கடலைத் திராங்கீலோ எனலாம். சந்தடியில்லாத இடத்தையும், உறுத்தலில்லாத மனத்தையும், எதற்கும் பதறாத மனிதரையும் அப்படிச் சொல்லலாம். பதறுகிறவரிடம் அந்த ஒரு சொல்லை மட்டும் சொன்னால் ‘பயப்படாதே’ என்றாகும்.

பிறகு கட்டிலருகே போய் ஒரு கப்பலையும், நான்கு மணி காட்டும் கடிகாரத்தையும் வரைந்தார். கப்பல் போய்விடும் என்பதை மறைக்கவில்லை. அந்த மனிதர் அப்பாவின் சட்டைக்கையைப் பிடித்துக்கொண்டார். ஆனால் கப்பல் கிளம்புவதற்குள் அவருடைய கடவுச்சீட்டையும் துணிமணியையும் வாங்கிவர அப்பா போயாக வேண்டும். அதையும் வரைந்து காட்டினார். பிடி இறுகியது.

அப்பா ஒரு நாற்காலியை இழுத்து என்னை உட்காரவைத்து, அலுவலகப் பையை என் மடியில் வைத்தார். என்னைக் காட்டினார். ஆறு மணிக் கடிகாரம் ஒன்றை வரைந்து காட்டினார்.

“திராங்கீலோ லா,” என்றார், எங்கள் ஊர்ப் பேச்சின் ‘லா’வையும் ஒட்டவைத்து.

அந்த மனிதர் என்னை வெகுநேரம் பார்த்தார். பிறகு பேனாவைக் கேட்டுக் கை நீட்டினார்.

“ஆறு மணிக்குள்ள வந்துருவேன். பைய பாத்துக்கம்மா,” என்று சொல்லிவிட்டு அப்பா போனார். நான் அழத் தொடங்கினேன். வலியில் சுருங்கிய முகத்தோடு அவர் என் பக்கம் திரும்பி, “திராங்கீலா,” என்றார். பெண்ணிடம் பேசும்போது கடைசி எழுத்து மாறும் என்பதை அப்பா பின்னர் குறிப்பேட்டில் சேர்த்துக்கொண்டார்.

ஐந்து நாற்பதுக்கு அப்பா ஒரு துணிமூட்டையுடன் வந்தார். அறுவைச் சிகிச்சை முடிந்து கொண்டுவரப்பட்டவர் கண் விழித்ததும் மூட்டையைப் பார்க்கவில்லை, அப்பாவையும் பார்க்கவில்லை. என் நாற்காலியைத்தான் பார்த்தார். நான் இருந்தேன். மீண்டும் கண்களை மூடிக்கொண்டார்.

பையை ஒரு முறைகூடக் கீழே வைக்கவில்லை என்று வழியெல்லாம் அப்பாவிடம் பெருமை பேசினேன். அவர் தலையாட்டிக்கொண்டே வந்தார். அந்த மனிதரிடம் அப்பா விட்டுச்சென்ற பிணை நான்தான் என்பது அன்று எனக்குத் தெரியாது.